குப்பை மேட்டுப் புராணம்

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாகாணத்திலுள்ள ஆலமகோர்டோ என்கின்ற ஊரின் குப்பை மேட்டைப் பற்றிச் சுமார் 30 வருஷ காலம் ஒரு கதை நடமாடி வந்தது. அட்டாரி என்னும் கம்பெனியார் 'ஈ.டி.' என்கின்ற சினிமாவை வைத்து, 1982-ம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் வியாபாரத்திற்காகச் சுமார் ஐந்தே வாரத்தில் ஒரு வீடியோ விளையாட்டைச் செய்வித்து, கண்மண் தெரியாமல் உற்பத்தி செய்து, விலை போகாததால் 1983-ல் பத்து லட்சக்கணக்கில் அதைப் பாலைவனத்தில் புதைத்துச் சிமெண்டு போட்டு மூடிவிட்டார்கள் என்பதே அக்கதை.

நம்பினவர்களை ஆதாரம் கேட்டால் 'எல்லோரும் சொல்லுகிறார்கள்' என்றார்கள். நம்பாதவர்களோ 'கட்டுக்கதை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, அதனாலேயே தாங்கள் அறிவாளிகள் என்று எண்ணிக் கொண்டார்கள். 1983 செப்டம்பரிலேயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அச்செய்தியை வெளியிட்டிருந்தது. பழைய பத்திரிகையைப் புரட்டும் சிரமத்தை இரு கட்சியாரிலும் பெரும்பாலோர் எடுத்துக் கொள்ளவில்லை. விளையாட்டைச் செய்த ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவே 2004-ல் சந்தேகம் தெரிவித்தார். உண்டாக்கினவரே சந்தேகித்த பிறகு அப்பீல் ஏது என்று சிலர் கேட்கலாம். உண்டாக்கினவர் சொன்னார் என்பது மாத்திரம் ஆதாரமாகாது என்பதே நமது அபிப்பிராயம். வேதத்திற்கும் நாம் அதே சட்டந்தான் சொல்லி வருகிறோம்.

கடைசியில் 2014 ஏப்ரல் 26-ந் தேதி இயந்திரம் வைத்துப் பலர் பார்க்கத் தோண்டினார்கள். ஈ.டி. வெளியே வந்தது. ஆனால் கூடவே சென்டிபீட், மிசைல் கமாண்ட் முதலிய வேறு விளையாட்டுகளும் ஏராளமாய் வந்தன. ஆகவே புதைத்தது மெய், ஈ.டி. ஒன்றையே புதைத்தார்கள் என்பது பொய்.

இப்பொய் சாதாரணப் பொய்யல்ல. 1983-ல் அட்டாரிக்கு 50 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பல கம்பெனிகள் போட்டி போட்டுக் கொண்டு கடைகளில் சரக்கைக் குவித்ததும், எஜமானர்களின் பேராசைக் கணக்கும் அதற்குக் காரணங்கள். அப்படியிருக்க, ஐந்து வாரம் கண் விழித்து வேலை செய்த ஒருவர் தலையிலேயே முழுப் பழியையும் போட்டார்கள். மழை பெய்யாததற்கு ஊரில் ஒரு பாவியைத் தேடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன?

தோண்டியெடுத்த குப்பைக்கும் மகிமை வந்துவிட்டது. நசுங்கிய பெட்டிகளை ஏலம் போட்டு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தார்கள். அது நிற்க, 7,28,000 புதைக்கப்பட்டதாக அட்டாரியின் பழைய அதிகாரி ஒருவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். வெளியே எடுத்து எண்ணியது சுமார் 1,300 தான். மிச்சத்தை மறுபடியும் மண் போட்டு மூடிவிட்டபடியால், அந்த ஏழு லட்சமும் இன்றைக்கு ஒருவர் வாய்ச்சொல்லாகவே இருந்து வருகிறது.