தண்ணியில்லாக் காடு என்று சொல்லாதீர்கள்

அரசாங்க உத்தியோகத்தில் ஒரு மிரட்டல் வசனம் உண்டு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்." தமிழ்நாட்டு அலுவலகங்களில் அதற்குப் பொருள் பழைய இராமநாதபுரம் ஜில்லா. எங்கள் புதுவையில் அந்த இடத்தில் ஏனாம் இருந்தது. ஏனாம் 800 கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது, பாஷை வேறு. ஆனாலும் அங்கே கோதாவரி ஓடுகிறது. தண்ணீர் இல்லை என்று அதை எவரும் பழித்ததில்லை. இராமநாதபுரத்துக்கு மட்டும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. பிறகு சினிமாவும் அதையே சொல்லிச் சிரித்தது.

இது பொய், அதுவும் அலுவலகம் பெற்றெடுத்த பொய் என்பது என் கட்சி.

மல்லாங்கிணறை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் கல்குறிச்சியில் விலகி விருதுநகர் பக்கம் திரும்பினால் வருகிற சின்னப் பேரூராட்சி. தாலுகா காரியாபட்டி, சட்டமன்றத் தொகுதி திருச்சுழி, மாவட்டத் தலைநகர் விருதுநகர், நாடாளுமன்றத் தொகுதியோ இராமநாதபுரம். ஒரு மனு எழுத வேண்டுமானால் நாலு திசையும் பார்க்க வேண்டும்! ஊரின் பேரிலேயே கிணறு இருக்கிறது. பக்கத்துத் திருச்சுழியின் தலபுராணமோ பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் பூமிக்குள் சுழித்து இறக்கிய கதை. தண்ணீரையே அறியாத ஜனங்கள் வெள்ளத்தைப் பற்றி ஏன் புராணம் கட்டப்போகிறார்கள்?

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். சேன், லுவார், கரோன், ரோன் என்று நாலு ஆறுகளும் எங்கே பிறந்து எந்தக் கடலில் விழுகின்றன என்பது இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும். வருசநாட்டு மலையில் பிறந்து, திருச்சுழி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிற குண்டாற்றை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தப் படிப்பு ஒரு கணக்குக்கு உதவுகிறது. பாரிஸ் நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 640 மில்லிமீட்டர் மழை. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 800 மில்லிமீட்டரை ஒட்டி. பாரிஸைத் தண்ணியில்லாக் காடு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

"அங்கே குளிர், இங்கே வெயில்; ஒப்பிடலாமா?" என்பீர்கள். நியாயம்தான். அங்கே வருஷம் முழுக்கத் தூறுகிறது. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுகிறது. மிச்ச மாதங்களின் வெயில் அதைக் குடிக்கிறது. அதனால்தான் இந்தச் சீமைக்காரர்கள் கண்மாய் வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே கீழ்க் கண்மாய்க்கு, அது நிறைந்தால் அடுத்ததற்கு. சரிவு கண்ணுக்கே தெரியாத தரையில் இப்படிக் கோத்து வைப்பது லேசான வேலையா? கோடையில் கண்மாய்க்குள் இறங்கிக் கரம்பை அள்ளி வண்டியில் வயலுக்கு அடித்தார்கள். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம், இரண்டும் ஒரே வேலையில். மீதி நிலம் கரிசல். ஒரு நல்ல மழையை வயிற்றில் வாங்கிவைத்துப் பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் விளைய வைக்கிற மண் அது.

பின்னே எங்கே கெட்டது? ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களின் கண்மாய்கள் சர்க்கார் கைக்குப் போயின. நிலம் உழுதவனுக்குப் பட்டா கிடைத்தது. அதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் கண்மாய்க்கு யார் பொறுப்பு என்பது ஃபைலுக்குள் போனது. ஃபைலுக்குள் போனது என்ன ஆகும் என்று இத்தனை வருஷம் ஃபைல் கட்டிய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. 1910-ல் உண்டான இராமநாதபுரம் ஜில்லாவுக்கு 1985-ல் மூன்றாகப் பிரிக்கும் வரை கலெக்டர் அலுவலகம் மதுரையில் இருந்தது. அடுத்த ஜில்லாவில்! வைகைக் கரையில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பூமியை ஆண்டார்கள். வந்து பார்க்காத இடத்துக்குத்தான் இப்படிப் பேர் வைக்க முடியும். தண்டனை என்று அனுப்பப்பட்டவன் கலுங்கு எங்கே இருக்கிறது, வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது என்றா பார்ப்பான்? திரும்பிப்போக எந்த அமைச்சரைப் பிடிக்கலாம் என்று பார்ப்பான். ஒரு ஊரைத் தண்டனைக் கொட்டடி என்று அறிவித்தால் அங்கே வந்து சேருகிறவனெல்லாம் விடுதலை நாளை எண்ணிக்கொண்டிருப்பான். பொய்யை நிஜமாக்கியது இந்த வேலைதான்.

சும்மா கிடந்த கண்மாயில் சீமைக் கருவேலம் ஏறியது. மதுரைக் கிளை 2017-ல் அதை வெட்டச் சொல்லி உத்தரவு போட்டதும் கொஞ்ச நாள் அமர்க்களப்பட்டது. வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் தழைத்துவிடும். அதை மூட்டம் போட்டு, கரி விற்றுப் பிழைக்கிற குடும்பங்களுக்கு வேறு வழியும் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

இப்போது எதைக் கேட்டாலும் காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு என்கிறார்கள். 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் காவிரி வந்தாலும் எதில் வந்து நிற்கும்? இதே கண்மாய்களில்தானே நிற்க வேண்டும்? பாத்திரத்தைக் கழுவாமல் பால்காரனுக்குக் காத்திருக்கிற கதை இது.

இந்த ஊர்க்காரர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. "வறண்ட பூமியிலிருந்து இப்படி ஒரு எழுத்தாளரா!" என்று யாராவது புகழ்ந்தால் மகிழ்ந்துபோகிறார்கள். எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. 2018-ல் 'சஞ்சாரம்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். அமைச்சராக இருந்த தங்கபாண்டியன் ஊர் இது. அவர் மகள் கவிஞர் தமிழச்சி 2019-ல் தென்சென்னை எம்.பி. ஆனார், மகன் தங்கம் தென்னரசு 2023-ல் மாநில நிதியமைச்சர் ஆனார். ஒரு சின்ன ஊருக்கு இது கொஞ்சமா? வறட்சியால் வந்த பெருமை என்று இதைச் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். பஞ்சம் யாரையும் எழுத்தாளனாக்குவதில்லை; பஞ்சம் பிழைக்கத்தான் அனுப்பும்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு கண்மாய்க்கும் புல எண்ணும் பரப்பும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து, இந்தப் பகுதியில் எத்தனை கண்மாய், எத்தனை ஏக்கர், எதிலிருந்து எதற்குத் தண்ணீர் போக வேண்டும் என்று ஒரு பலகை எழுதி பஸ் நிற்கிற இடத்தில் வையுங்கள். பக்கத்திலேயே இந்த வருஷம் எது நிறைந்தது, எது நிறையவில்லை என்று சாக்பீஸால் எழுதுங்கள். ஒரு குமாஸ்தாவும் ஒரு பெயின்டரும் ஒரு வாரத்தில் முடிக்கிற வேலை.