மயில் கேட்டது, லாரி கேட்கவில்லை



இந்த இதழில் கொடும்பாளூர் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தனக்கு ஒன்று, தேவியர் கற்றளிக்கும் வரகுணைக்கும் ஒவ்வொன்று என்று எழுப்பிய, மூவர் கோயில் எனப்படும் மூன்று கோயில்களில் இரண்டுதான் இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். அதையெல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார், நான் குறுக்கே வரவில்லை. அந்தக் கட்டுரைக்காக நாங்கள் போன பயணத்தில் அதற்குள் அடங்காத ஒரு சமாச்சாரம் கிடைத்தது. அதை என் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன். காதில் மாட்டும் இயர்பட்ஸும் அதிலிருக்கும் ‘நாய்ஸ் கேன்சலேஷன்’ வசதியும்தான் அது.

மூவர் கோயிலுக்கும் இயர்பட்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சாலைதான் சம்பந்தம். கொடும்பாளூர் என்றைக்குமே வழியில் இருக்கிற ஊர். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லும் மாங்காட்டு மறையோன், கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் பாதை மூன்றாகப் பிரியும் என்று சொல்கிறான். இன்று அந்த வட்டாரத்தில் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை ஓடுகிறது. பகலென்றும் இரவென்றும் பாராமல் லாரிகள் போகின்றன. கோயிலைப் பார்த்துவிட்டுச் சாலைக்கு வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

உடன் வந்த உதவி ஆசிரியர் இளைஞர். தன் பெரிய ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

“போட்டுப் பாருங்க சார். இந்த பட்டனை ஒரு தடவை அமுக்குங்க.”

அமுக்கினேன். லாரிகளின் உறுமல் யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல் இறங்கிவிட்டது. ஆனால் சாலைக்கு அப்பால் புதரிலிருந்து ஒரு மயில் அகவியது தெளிவாகக் கேட்டது. விராலிமலைப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை. அதுவரை லாரிச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த குரல் அது. அடுத்த கணமே ஓர் ஆம்னி பஸ்ஸின் ஏர் ஹாரனும் கேட்டது.

“ஹாரன் கேக்குதே தம்பி?”

“அது கேக்கணும் சார். கேக்கலேன்னா நாம இருக்க மாட்டோம்.”

உறுமல் போய், மயிலும் ஹாரனும் தங்கியது ஏன் என்பதுதான் இந்த வசதியைப் புரிந்துகொள்ள நல்ல வழி. ஒலி என்பது காற்றில் அழுத்தம் ஏறி இறங்குவது. ஹெட்போனின் வெளிப்பக்கம் ஒரு சின்ன மைக் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சிப், ஏற்றத்துக்கு இறக்கமும் இறக்கத்துக்கு ஏற்றமுமாக நேரெதிர் அலையை உண்டாக்கி ஸ்பீக்கர் வழியே விடுகிறது. இரண்டும் காதருகே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. நல்ல ரகங்களில் காதுப்பக்கமும் ஒரு மைக் இருக்கும். மிச்சம் மீதி எவ்வளவு என்று அது பார்த்துச் சொல்லும்.

இதில் நேரம்தான் எல்லாம். ஆடி வரும் ஊஞ்சலைச் சரியான கணத்தில் எதிர்த்துத் தள்ளினால் நிற்கும். கணம் தப்பினால் இன்னும் வீச்சாக ஆடும். லாரி இன்ஜினின் உறுமல் தாழ்ந்த ஒலி. 100 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டால் அதன் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். இவ்வளவு நீண்ட அலையில் சிப் ஒரு துளி பிந்தினாலும் பழுதில்லை. 3000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலை நீளம் 11 சென்டிமீட்டர்தான். அங்கே அதே துளிப் பிசகு, குறைக்க வேண்டிய சத்தத்தைக் கூட்டிவிடும். அதனால் உயர்ந்த ஒலிகளில் இந்தச் சாதனங்கள் கைவைப்பதில்லை. அவற்றைத் தடுக்கிற வேலை ரப்பர் முனைக்கும் பஞ்சுக்கும் உரியது. தவிர, உறுமல் ஒரே சீராக வருவது. மயிலும் ஹாரனும் திடீரென்று வருபவை. சீராக வருவதை எதிர்கொள்வதே சிப்புக்கு எளிது.

யோசனை பழையது. பவுல் லூக் என்ற ஜெர்மானியருக்கு 1936இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அன்றைய கருவிகளை வைத்துக்கொண்டு காதுக்குள் பொருத்துகிற அளவில் அதைச் செய்ய வழியில்லை. பிறகு 1978இல் எம்ஐடி பேராசிரியர் அமர் போஸ் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க முடியவில்லை. எரிச்சலில் காகிதத்தை எடுத்து அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய தந்தை நொனி கோபால் போஸ், விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த வங்காளி. மகனுடைய கணக்கு கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 1986இல் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் விமானிகள் இருவரும் மாதிரிக் கருவிகளைக் காதில் மாட்டிக்கொண்டு போனார்கள். 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. சாதாரணப் பயணிகளுக்கு 2000இல். இன்று நம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிற்கிறவர்களுக்காக ஒரு விஷயம். இதைத்தான் எங்களுக்கு எழுதும் வாசகர்கள் அதிகம் கேட்கிறார்கள்: “டப்பாவில் நாய்ஸ் கேன்சலேஷன் என்று போட்டிருந்தது, வாங்கினேன், ஒரு சத்தமும் குறையவில்லை.” டப்பாவை எடுத்து மறுபடி படியுங்கள். ‘இஎன்சி’ என்று இருக்கிறதா, ‘ஏஎன்சி’ என்று இருக்கிறதா? இஎன்சி போன் பேசுவதற்கானது. நீங்கள் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலை வடிகட்டி, எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரலை மட்டும் அனுப்பும். பலன் அவருக்கு, உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நேரம் நான் சொன்னது ஏஎன்சி. விலை குறைந்த பல பட்ஸில் இஎன்சி மட்டும்தான் இருக்கிறது, எழுத்து மட்டும் கொட்டை கொட்டையாக இருக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது; ஆனால் வாங்குகிறவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே அச்சடித்தது என்பது என் எண்ணம்.

சரியானதை வாங்கிய பிறகும் ரப்பர் முனை பொருந்தாவிட்டால் காசு வீண். பெரும்பாலும் மூன்று அளவு கொடுப்பார்கள். யாரும் மாற்றிப் பார்ப்பதில்லை; பொருத்தி வந்ததையே போட்டுக்கொள்கிறோம். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலி அதன் வழியே தாராளமாக உள்ளே வந்துவிடும், சிப் என்ன பாடுபட்டாலும் பயனில்லை. இன்னொன்று நம்மூர்ப் பயணத்துக்கே உரியது. அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏஎன்சி போட்டால் சில நேரம் இரைச்சல் கூடும். காற்று நேராக வெளி மைக்கில் மோதுகிறது. சிப் அதைச் சத்தம் என்று நினைத்து எதிர் அலை விடுகிறது. ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது உள்பக்க இருக்கைக்கு மாறுங்கள், அல்லது அந்த நேரத்துக்கு ஏஎன்சியை அணைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஜன்னலைச் சாத்தச் சொன்னதற்காக என்னைத் திட்டலாம். சிலருக்கு ஏஎன்சி போட்டதும் காது அடைத்தாற்போல் இருக்கும், லேசாகத் தலை சுற்றும். அப்படிப்பட்டவர்கள் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

இவ்வளவு மெனக்கெட்டு எதற்கு இது? அமைதிக்காக என்று விளம்பரம் சொல்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் படுவது வால்யூம். பஸ் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் பாட்டை அதற்கு மேல் ஏற்ற வேண்டும். திருச்சியில் ஏறி மதுரையில் இறங்குகிறவரை அந்த உயரத்திலேயே காது கிடக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபெல் என்றால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபெல்லுக்கு இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும். டெசிபெல் கணக்கு அப்படி, பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். உறுமலைக் கீழே இறக்கிவிட்டால் பாட்டையும் கீழே இறக்கலாம். ஆனால் ஏஎன்சியைப் போட்டுவிட்டு வால்யூமைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்தப் பணம் செலவழிந்ததில் அர்த்தமே இல்லை. நம் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகமும் 2025இல், ஹெட்போன் தேவைப்பட்டால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்று அறிவுறுத்தியிருக்கிறது.

கொடும்பாளூர் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: பாட்டுக் கேட்கும் பட்ஸ் வேலைத்தலக் காதுக் காப்பு ஆகாது. கல் உடைகிற சத்தம் திடீரென்று வெடிப்பது, உயர்ந்த ஒலிகள் நிறைந்தது. ஏஎன்சி கோட்டைவிடும் இடமே அதுதான். அங்கே வேண்டியது, அந்த வேலைக்கென்று சான்று பெற்ற இயர்மஃபோ காதடைப்பானோதான். அதை வாங்கித் தர வேண்டியது முதலாளி.

கோயில் திருவிழா மைக்செட்டுக்கும் இது மருந்தில்லை. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறார்கள் என்று தெரிகிறது. மின்விசிறி, ஏசி, ஜெனரேட்டர் சத்தம் எல்லாம் போகும். கூம்பு ஸ்பீக்கரில் வரும் பாட்டு மனிதக் குரலின் உயரத்தில் இருப்பதால் ஓரளவுதான் குறையும். அதற்கு 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரம்பு. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு குறிப்பிட்டு விலக்குத் தரும் சில விழா நாள்களில் மட்டும் நள்ளிரவு வரை. ஊர்ப் பெரியவர்களிடம் போய்ச் சொல்வது காவல் நிலையத்துக்குப் போவதைவிடக் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஐயா, மாமா என்று பேசி ஸ்பீக்கரின் முகத்தைத் தெருவைவிட்டுத் திருப்பி வைக்கச் சொல்லிப் பாருங்கள். பல ஊர்களில் கேட்கிறார்கள்.

வீட்டில் அம்மா நான்கு தடவை கூப்பிட்டும் திரும்பாத பிள்ளைகள் பற்றிப் பெரிதாக எழுத எனக்கு விருப்பமில்லை. அது ஹெட்போன் வருவதற்கு முன்பும் இருந்ததுதான். வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற ‘டிரான்ஸ்பரன்சி’ என்றொரு வசதி அதே பட்ஸில் இருக்கிறது, சாப்பாட்டு நேரத்திலாவது அதைப் போடலாம். ஆனால் சாலையிலும் தண்டவாளத்திலும் அதுகூட வேண்டாம். ஹாரன் கேட்டது என்று சொன்னேனே, பாட்டு ஓடாமல் இருந்ததால் கேட்டது. பாட்டு ஓடினால் அதே ஹாரன் எங்கோ தூரத்தில் போல இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் பிடிபடாது. பைக்கில் ஹெல்மெட்டுக்குள் பட்ஸ் போட்டுக்கொள்கிற வழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள்.

அடுத்த இதழில் காது–மூக்கு–தொண்டை மருத்துவர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இசைந்திருக்கிறார். பட்ஸைக் கழற்றிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்று இரைகிறதா, கூட்டத்தில் பேச்சு பிடிபடவில்லையா, எந்தக் காதில், எவ்வளவு நாளாக என்று குறிப்பிட்டு எழுதுங்கள். இரைச்சல் ஓரிரு நாளில் நிற்கவில்லை என்றாலோ, ஒரு காது திடீரென்று மந்தமானாலோ எங்கள் இதழுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்