மௌனம் எந்த வகை விடை?

தமிழில் 'பேசு' என்பதற்கு எத்தனை சொற்கள்! கூறு, சொல், மொழி, உரை, இயம்பு, பகர், நவில், விளம்பு, செப்பு, பறை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் 'செப்பு' தெலுங்கர் வீடுகளிலும் 'பறை' மலையாளிகள் வீடுகளிலும் இன்றும் அன்றாடப் பேச்சில் வாழ்கின்றன. நாம்தாம் அவற்றைச் செய்யுளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம். நல்ல பேச்சுக்கு மட்டுமா பெயர்? உளறல், பிதற்றல், குழறல், அரற்றல், முணுமுணுப்பு, ஏச்சு என்று கோணல் பேச்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு.

ஒரே சொல்லுங்கூடக் குரலுக்குக் குரல் பொருள் மாறுகிறது. அம்மா "உன் இஷ்டம்" என்றால் அது நம் இஷ்டம் அல்ல என்பது எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். "நல்லா இருக்கு" என்பதைச் சற்று இழுத்துச் சொன்னால் நன்றாக இல்லை என்று பொருள். "போகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்டால் பாட்டிக்குக் கோபம் வந்துவிடும். "போய் வருகிறேன்" என்றே சொல்லவேண்டும். விளக்கை அணை என்னாமல் 'குளிர வை' என்பார்கள். இதற்கு மங்கலம் என்று இலக்கணம் பெயரிட்டிருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்களாம். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்களாம். குடித்தவனைப் பேசவைப்பது என்பதால் வந்த பெயராக இருக்கும். இலக்கண வகுப்பில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்!

ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்குக்கூட, தாழ்ந்தோன் 'ஈ' என்றும் ஒத்தவன் 'தா' என்றும் உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பான் எனத் தொல்காப்பியர் பிரித்துக் காட்டினார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரோ வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். இந்த எட்டையும் நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். ஆனால் வீட்டில் ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டால் மனப்பாடமே தேவையில்லை. "ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருகிறாயா?" என்று அம்மா கேட்கிறார். "எடுத்து வருகிறேன்" என்றால் நேர் விடை. "மாட்டேன்" என்றால் மறை விடை. "தம்பியை அனுப்புங்கள்" என்பது ஏவல். "எடுக்காமல் இருப்பேனா?" என்பது வினாவுக்கு எதிர் வினா. "கை வலிக்கிறது" என்பது உற்றது உரைத்தல். "கை வலிக்கும்" என்பது உறுவது கூறல். "பாத்திரம் வேண்டுமானால் தேய்க்கிறேன்" என்பது இனமொழி. இதோ என்று கையைக் காட்டுவது சுட்டு. ஆக எட்டு. இந்த எட்டில் மௌனம் என்று ஒன்று இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் உறவில் ஓர் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். காப்பி கொடுத்துவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே நின்றார். "பெண்ணுக்குச் சம்மதம்தானே?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். அக்கா பேசவில்லை. "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று ஒரு மாமா சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டுத் தட்டு மாற்றும் பேச்சுக்குப் போய்விட்டார்கள். இரவு மொட்டை மாடியில் நான் கேட்டபோது அக்கா சொன்னது இதுதான்: "அவர் அப்பாவைப் பார்த்துத்தானே கேட்டார்? என்னைக் கேட்கவில்லையே!"

பேச்சை இவ்வளவு நுட்பமாகப் பகுத்த நாம், பெண்ணின் பேச்சுக்கு மட்டும் இரண்டே பெயர் வைத்திருக்கிறோம். பேசினால் வாயாடி, பேசாவிட்டால் அடக்கமான பெண். என் தம்பி எதிர்த்துக் கேள்வி கேட்டால், "இவனை வக்கீலுக்குப் படிக்கவைக்கலாம்" என்கிறார்கள். அதே கேள்வியை நான் கேட்டால், "போகிற வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவாளோ!" என்கிறார்கள். கேள்வி ஒன்று, அதற்குக் கிடைக்கும் பெயர் மட்டும் வேறு.

அடக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீண்பேச்சுக்கும் புறம்பேசுவதற்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் நாவைக் காத்துக்கொள்ளும்படி எல்லோருக்கும்தான் சொன்னார். பெண்களைத் தனியாக அழைத்துச் சொல்லவில்லை. அதிகமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார், ஒரு பெண். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி நெய் பூசி அழகாக இருப்பதாகவும், அதிகமானின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் உலையில் கிடப்பதாகவும் அவர் சொன்னாராம். புகழ்வதுபோல் ஒருவனை இவ்வளவு இகழ முடியுமா! புறநானூற்றில் இன்றும் படிக்கலாம். பாண்டியன் அவையில் நின்று வழக்குரைத்த கண்ணகியையும் யாரும் வாயாடி என்று சொன்னதில்லை. மேடையில் இவர்களைப் பற்றிப் பேசி நாங்கள் பரிசு வாங்கினால் பெற்றோர் கைதட்டுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் "வாயை மூடு" என்கிறார்கள். இது எனக்கு விளங்கவில்லை.

நம் திருச்சபை இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. மணமக்கள் இருவரும் தம் சம்மதத்தைச் சொற்களால் தெரிவிக்க வேண்டும். பேச இயலாதவர்கள் அதற்கு ஈடான சைகையால் தெரிவிக்கலாம் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. மாமா பதில் சொன்னால் செல்லாது. வாய் பேசத் தெரிந்த பெண் தரையைப் பார்த்து நின்றாலும் போதாது. ஆனால் கோயிலில் குரு அந்தக் கேள்வியைக் கேட்கும் நேரத்தில் மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது; புடவை எடுத்தாகிவிட்டது; பந்தல்காரருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அங்கே நின்று "மாட்டேன்" என்று சொல்ல எத்தனை பெண்களுக்குத் துணிவு வரும்?

ஆகவே பெற்றோர்களே, வருகிறவர்களுக்கு நாள் சொல்வதற்கு முன்பே அந்தக் கேள்வியை வீட்டில் எங்களிடம் கேளுங்கள். அத்தை, மாமா முன்னிலையில் வேண்டாம்; தனியாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். உடனே நேர் விடை வராது. முதலில் "தலை வலிக்கிறது" என்போம். பிறகு "இப்போது என்ன அவசரம்?" என்போம். "மேலே படிக்கிறேனே" என்றும் சொல்லிப் பார்ப்போம். அவையும் விடைகள்தாம். பவணந்தியார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.