கொழுப்பே நோயாகும்போது

விலங்குக் காட்சிச் சாலையில் படுத்தே கிடக்கும் சிங்கத்தைக் கண்டால், 'உண்ட மயக்கம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்கிறோம். எப்போதும் அது மயக்கமன்று, வாசகர்களே! எழுந்தால் உடலெல்லாம் வலிக்கும் என்பதாலும் ஒரு விலங்கு எழாமல் கிடக்கக்கூடும்.

கொழுப்புத் திசு அழற்சி என்பது அத்தகைய நோய். மஞ்சள் கொழுப்பு நோய் என்றும் அழைப்பர். தோலுக்கடியிலும் வயிற்றினுள்ளும் வெண்மையாக, மென்மையாக இருக்க வேண்டிய கொழுப்பு மஞ்சளித்துக் கட்டிகட்டியாக இறுகிவிடுகிறது. காய்ச்சல் காண்கிறது; இரையில் நாட்டம் குறைகிறது. வீட்டுப் பூனைக்கு இந்நோய் வந்தால், தடவிக் கொடுக்கும் கையையே கடிக்க வரும். புலியை யார் தடவிப் பார்ப்பது? மயக்க மருந்து செலுத்தி, கொழுப்பில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தே உறுதி செய்ய வேண்டும்.

பட்டினியால் வருவதன்று இது. வயிறு நிறைய உண்ணும் விலங்குக்கே வருகிறது. திறந்து வைத்த கடலையெண்ணெயில் நாளடைவில் சிக்கு வாடை ஏறுவதை இல்லத்தரசிகள் அறிவர். அது காற்றிலுள்ள பிராணவாயுவின் வேலை. மத்தி, சூரை போன்ற மீன்களின் எண்ணெய் இன்னும் விரைவில் கெடும். அதுவே நாள்தோறும் உணவானால், விலங்கின் உடற்கொழுப்பிலும் அதே சிதைவு தொடங்குகிறது. அதைத் தடுக்கும் காவலன், 1922-இல் கலிபோர்னியாவில் ஈவான்ஸ், பிஷப் ஆகிய இருவர் கண்டறிந்த வைட்டமின் ஈ. நெடுநாள் உறைய வைத்த மீனிலோ அந்தச் சத்து குறைந்துவிடுகிறது.

மாட்டிறைச்சியில் இந்த அச்சம் குறைவு. புல்லிலுள்ள எளிதில் கெடும் கொழுப்பை மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் மாற்றிவிடுகின்றன. குதிரைக்கு அந்த வசதியில்லை. அதன் கொழுப்பு எளிதில் கெடும்.

1950-களிலேயே அமெரிக்காவில் டப்பா உணவு தின்ற பூனைக்குட்டிகளிடம் இந்நோயை உண்டாக்கியும், வைட்டமின் ஈ கொடுத்துத் தடுத்தும் காட்டினர். 2008-இல் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில், ஒலிஃபண்ட்ஸ் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட முதலைகள் இதே நோயால் மாண்டன. ஆற்று மீன்மீதும் ஐயம் எழுந்தது. ஆனால் முதலை தன் இரையைத் தானே பிடித்தது. கூண்டுப் புலிக்கு அந்த உரிமையும் இல்லை. மலிவாகக் கிடைத்ததை வாளியில் கொணர்ந்து போடுபவன் மனிதன்.

நோய் தெரிந்தவுடன் மீனை நிறுத்தி, வைட்டமின் ஈ கொடுத்து, அழற்சி தணிக்கும் மருந்தும் தருவர். இறுகிய கொழுப்பு இளக வாரங்கள் பல ஆகும். அதுவரை அந்தச் சிங்கம் படுத்தேதான் கிடக்கும்.