எருசலேமைக் காத்தவர்களும் அப்பாவின் பிரசங்கமும்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளை அடித்தோம். பரணில் கிடந்த சாமான்களை இறக்கியபோது அப்பாவின் தகரப் பெட்டியும் சேர்ந்து இறங்கியது. உள்ளே ஒரு பழைய கீர்த்தனைப் புத்தகம், இரண்டு டைரிகள், அட்டை பிய்ந்துபோன ஒரு ஆங்கில நாவல். ஜி. ஏ. ஹென்டி எழுதிய 'ஃபார் தி டெம்பிள்'. தமிழில் 'ஆலயத்துக்காக' என்று சொல்லலாம். 1888-ல் வெளிவந்தது. ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்துக்குச் சேதம் இல்லை. சாமான்களை அடுக்கும் வேலையை வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு (அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை) இரண்டு நாளில் படித்து முடித்தேன். படித்ததிலிருந்து மனசில் ஓடுவதை எழுதிவிடுகிறேன். வழக்கம்போல நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா உபதேசியார் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன கிராமச் சபைகளுக்குச் சைக்கிளில் போய் வருவார். ஊர் திரும்பிய ஒரு டேனிஷ் மிஷனரி அம்மா அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன புத்தகம் இது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தடவித் தடவித்தான் வரும். ஆனாலும் ஒவ்வொரு இரவும் ஓர் அத்தியாயத்தை அவரே மனசுக்குள் படித்து, பிறகு எங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லுவார். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் நாலு பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம்.

கதையின் நாயகன் காமாலா ஊர் யோவான். யூத விவசாயி வீட்டுப் பையன். ரோமப் படை கலிலேயாவுக்குள் நுழைகிறது. ஊர்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. யோவான் இளைஞர்களைத் திரட்டி மலைகளில் மறைந்திருந்து ரோமர்களைத் தாக்குகிறான். கடைசியில் எருசலேமுக்குள் போய் ஆலயத்தைக் காக்கிறவர்களோடு நிற்கிறான். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் யோவான் விளையாட்டு ஆடுவோம். தியாகதுருகம் மலைக்கோட்டைதான் எங்களுக்கு எருசலேம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தம்பி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ரோமன் வர்றான்டா" என்பான். ரோமனாக இருக்க யாருமே ஒத்துக்கொள்ள மாட்டோம். கடைக்குட்டி தங்கச்சிதான் பாவம், எப்போதும் ரோமப் படை.

கதை முடிகிற சமயத்தில் அந்த ஞாயிறு வந்தது. லுத்தரன் வழிவந்த சபைகளில் திரித்துவ ஞாயிறுக்குப் பின் பத்தாம் ஞாயிறு என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் ஆகஸ்டில் வரும். இயேசு எருசலேமைப் பார்த்துக் கண்ணீர் விட்ட பகுதிதான் அன்றைக்குப் பழைய முறைப்படி சுவிசேஷ வாசிப்பு. ஜெர்மனியில் லூத்தரின் நண்பர் பூகன்ஹாகன் தொகுத்த எருசலேம் அழிவின் வரலாற்றையே அன்று ஆலயத்தில் வாசிக்கும் வழக்கம் பல காலம் இருந்தது. அப்பாவும் அன்று எருசலேம் அழிந்ததைப் பற்றித்தான் பிரசங்கம் செய்தார். மேசியாவை ஏற்றுக்கொள்ளாத ஜனத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். பட்டினி, தீ, அடிமைச் சந்தை எல்லாவற்றையும் விவரித்துவிட்டு, அவர்களே தேடிக்கொண்டது என்று முடித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "ஏம்ப்பா, ராத்திரி யோவானுக்காக அழ வச்சீங்க. காலையில அவங்களுக்கு வேணும்னு சொல்றீங்க. எதுப்பா நெஜம்?"

அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார். "கதை வேற, பிரசங்கம் வேறடா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். அப்பா சொன்னது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கதையும் பிரசங்கமும் வேறு வேறு இல்லை. பிரசங்கம் மனசில் இருக்கும்போது கதையை எப்படி எழுதுகிறோம் என்பதுதான் கேள்வியே.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.பி. 66-ல் யூதேயாவில் ரோமுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. 70-ல் வெஸ்பாசியனின் மகன் தீத்து நான்கு லெஜியன்களோடு எருசலேமைச் சூழ்ந்தான். பஸ்கா பண்டிகை சமயம். யாத்திரைக்கு வந்த ஜனமும் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒருவரும் தப்பாதபடி ஏழு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு மதிலை மூன்றே நாளில் ரோமர்கள் எழுப்பினார்களாம். உள்ளே சீமோன் பார் கியோரா ஒரு கட்சி, கிஸ்கலா யோவான் ஒரு கட்சி. வெளியே எதிரி நிற்க, உள்ளே இவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு தானியக் கிடங்குகளையே எரித்துவிட்டார்கள். ஆகஸ்டில் ஆலயம் எரிந்தது. செப்டம்பரில் நகரம் முழுவதும் விழுந்தது.

இவ்வளவு விவரமும் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஆளிடமிருந்து. அவர் ஜோசிபஸ். யூதர்தான், கலிலேயாவில் யூதப் படைக்குத் தலைமை தாங்கியவர்தான். யோத்பாத்தா கோட்டை விழுந்தபோது ரோமர்களிடம் சரணடைந்து, பிறகு அந்த அரச குடும்பத்தின் தயவிலேயே ரோமில் உட்கார்ந்து சரித்திரம் எழுதினார். ஆலயம் எரிவதைத் தீத்து விரும்பவில்லை என்று எழுதினார். பழியை எல்லாம் கலகக்காரர்கள் தலையில் போட்டார். வேறு யார்மேல் போட முடியும், சொல்லுங்கள். சோறு போடுகிறவன் அவன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ நாவலாசிரியர்கள் ஜோசிபஸை ஒரு கையிலும் பைபிளை மறு கையிலும் வைத்துக்கொண்டு எழுதினார்கள். வெப் அம்மையாரின் 'நவோமி' 1841-ல் வந்தது. அதில் யூதப் பெண் கடைசியில் கிறிஸ்தவளாகிறாள். ரைடர் ஹாகார்டின் 'பேர்ல் மெய்டன்' 1903-ல் வந்தது. அதில் நாயகி மிரியாம் முதலிலிருந்தே கிறிஸ்தவள். அவளை விரும்பும் இரண்டு பேரில் ரோமன் மார்க்கஸ் நல்லவன். எருசலேமுக்காகச் சண்டை போடும் யூத வீரன் காலேப் தைரியசாலி, ஆனால் பொறாமையில் கெட்டுப்போகிறவன். எருசலேம் முற்றுகைக்கு முன்பே முடிந்துவிடும் கதை என்றாலும் 'பென்ஹர்' போகும் வழியும் இதுதான். படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இவர்களோடு ஒப்பிட்டால் ஹென்டி எவ்வளவோ மேல். ரோமனை அல்ல, ஒரு யூதப் பையனை, அதுவும் ஆயுதம் தூக்கியவனை, இங்கிலீஷ்காரப் பிள்ளைகளுக்கு 1888-ல் நாயகனாக்கினார். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கள்ளக்குறிச்சிப் பக்கத்து நாலு பிள்ளைகள்கூட அவனுக்காக அழுதோமே. ஆனால் தீத்து அவர் கதையிலும் பெருந்தன்மையான தளபதிதான். அந்த இடத்தில் பேசுவது ஜோசிபஸ்.

இந்த வகைக் கதைகளில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். காத்து நின்றவன் மேல் ஆசிரியர் காட்டும் பிரியத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அவன் கடைசிப் பக்கத்துக்குள் நம்மவனாக மாற வேண்டும், அல்லது கெட்டவனாகச் சாக வேண்டும். யூதனாகவே இருந்து, யூதனாகவே தன் ஆலயத்துக்காகச் செத்து, அதற்காகவே மதிக்கப்படுகிறவனுக்கு அந்தக் கதைகளில் இடம் குறைவு.

நம்ம ஊரில் அந்த இடம் எப்போதும் இருந்திருக்கிறது. செஞ்சி தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்டவன். தோற்றவன்தான். கதைப் பாட்டுக்காரர்கள் எத்தனை தலைமுறையாக அவனைப் பாடுகிறார்கள்! என்ன பாவத்துக்குத் தோற்றான் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. திரௌபதியம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்திருப்பீர்கள். பாண்டவர் பக்கத்துக் கூத்துதான் அது. ஆனாலும் துரியோதனனைக் களிமண்ணில் அவ்வளவு பெரிதாகப் படுக்க வைக்கிறார்கள். காந்தாரி வந்து ஒப்பாரி வைக்கும்போது சுற்றி நிற்கும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். துரியோதனன் நல்லவனாக மாறவில்லை. ஆனாலும் ஒப்பாரி உண்டு.

இந்த நாவல்களுக்கு நான் வைக்கும் பரீட்சை இது. இதை ஒரு கொச்சி யூதர் படித்தால் என்ன நினைப்பார்? எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு தங்கள் முன்னோர் கப்பலேறிக் கொடுங்கல்லூர்க் கரைக்கு வந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சேதி. கி.பி. 1000 வாக்கில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் கொடுத்து வெட்டிய செப்பேடு இன்றும் இருக்கிறது. எழுத்து நம்ம வட்டெழுத்துதான். ஆலயம் எரிந்த ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் உலகெங்கும் யூதர்கள் உபவாசம் இருக்கிறார்கள். நமக்கு நாவல். அவர்களுக்கு வீட்டில் நடந்த சாவு.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. கல்வராயன் மலையில் கற்றுக்கொண்டேன். வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். நாட்டுக்கு 1947-ல் சுதந்திரம் வந்தது, அந்த மலைக்கு ஜாகீர் முறை ஒழிந்தது 1976-ல்தான். ஒருநாள் ஒரு பெரியவர், "நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க வாத்தியாரே" என்று முன்னோர் மலையேறிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் சரித்திர வாத்தியார் அல்லவா, "அதுக்கு ஆதாரம் கெடையாது பெரியவரே" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஆதாரம் எழுதறவங்க மேல வரலியே" என்றார். தங்கள் புனித நகரத்தை விட்டுவந்த கதையை ஒரு ஜனம் சொல்லும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். 2024 ஜூனில் இங்கே கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருவில் வரிசையாகப் பந்தல். கல்வராயன் மலை என்றாலே கள்ளச்சாராயம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த வாரம் ஒரு சபையில் ஆராதனை முடிந்து வெளியே நின்றபோது ஒருவர், "பாவத்தோட பலன், வேற என்ன?" என்றார். நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அறுபது வருடத்துக்கு முன்னால் அப்பாவைக் கேள்வி கேட்ட பையன் நான்தானே.

"ஏன் சார், தீர்க்கதரிசனம் சுவிசேஷத்திலேயே இருக்கிறதே, கிறிஸ்தவ எழுத்தாளன் அதை எப்படி மறைப்பான்?" என்று சபை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மறைக்க வேண்டாம். ஆனால் அதைச் சொன்னவர் அழுதுகொண்டே சொன்னார் என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அதே லூக்கா சுவிசேஷத்தில், எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததைப் பற்றியும் ஒரு பேச்சு வருகிறது. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் இல்லை என்று இயேசு திட்டமாக மறுக்கிறார். மனந்திரும்பச் சொல்வது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான். செத்தவர் கணக்கை எழுதும் வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

அதற்காகக் காத்தவர்களையெல்லாம் புனிதர்களாக்கவும் வேண்டாம். சீமோனும் யோவானும் கிடங்கை எரித்த முட்டாள்தனத்தை எழுதத்தான் வேண்டும். கருணாபுரத்திலும் சாராயம் விற்றவனையும், கண்ணை மூடிக்கொண்டவனையும் எழுதத்தான் வேண்டும். ஒருவன் செய்த தப்பைச் சொல்வது வேறு, அவன் சாவு அவனுக்குத் தகும் என்பது வேறு. ஒன்று சரித்திரம், மற்றது மமதை. இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனச் சண்டையில் யாருக்கும் வக்காலத்து வாங்க இதை நான் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் யாராவது இந்த முற்றுகையை நாவலாக எழுத வேண்டும். கிறிஸ்தவரே எழுதட்டும், நன்றாக எழுதுவார். மதிலுக்குள் மாவு தேடி அலைந்த ஒரு யூதக் கிழவியிடமிருந்து ஆரம்பிக்கட்டும். அவள் யூதக் கிழவியாகவே சாகட்டும். ஏன் செத்தாள் என்று ஆசிரியர் விளக்கம் சொல்லாமல் இருக்கட்டும்.

அப்பாவின் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றவில்லை. புத்தகத்தை பைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறேன். பேத்தி காலாண்டு லீவுக்கு வருவாள். அவளுக்கு ராத்திரி ராத்திரி இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன். அவளும் நிச்சயம் ஏதாவது கேட்பாள். கதை வேற, பிரசங்கம் வேற என்று மட்டும் சொல்ல மாட்டேன்.