மலைக்குப் பக்கத்துல ஒரு லெட்டர் பாக்ஸ்!

பேகன்னு சொன்னதும் மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல்தானே ஞாபகம் வர்றார்? இவங்க வேற பாஸ். மேல்நாட்டுல இயற்கையையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுற நவீன 'பேகன்'கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் மலையைச் சுத்துற நம்ம ஊருக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல. ஆனா அவங்களுக்கு எல்லாரும் கூடுற கோயிலும் கிடையாது, ஒரே குருவும் கிடையாது. அப்புறம் எப்படி ஒருத்தரையொருத்தர் கண்டுபிடிச்சாங்க? சின்னப் பத்திரிகைகள் மூலமா! அமெரிக்காவுல 1968-ல ஆரம்பிச்ச 'கிரீன் எக்'ல வாசகர் கடிதப் பகுதிதான் செம ஃபேமஸ். ஊருக்கு ஒருத்தரா தனியாக் கிடந்தவங்க அங்கேதான் சண்டை போட்டாங்க, ராசியானாங்க.

கிட்டத்தட்ட இதே சிக்கல் திருவண்ணாமலையிலும் வந்தது. 1950 ஏப்ரல் 14-ல ரமண மகரிஷி மறைஞ்சார். வாரிசுன்னு எந்தக் குருவையும் அவர் நியமிக்கல. பக்தர்கள்ல பல பேர் கிளம்பிட்டாங்க. ரமணாசிரமம் வெறும் சமாதியா மட்டும் நின்னுடுமோன்னு பயம் வராதா?

1964 ஜனவரியில 'தி மவுண்டன் பாத்' காலாண்டிதழ் வந்தது. ஆசிரியர், ஆர்தர் ஆஸ்போர்ன்ங்கிற இங்கிலாந்துக்காரர். பாங்காக்ல பேராசிரியரா இருந்து, இரண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்களோட முகாம்ல அடைபட்டு, 1945-ல இங்கே வந்து சேர்ந்தவர். எழுத ஆள் கிடைக்கலைன்னா என்ன பண்றது? பல புனைபெயர்கள்ல அவரே எழுதினார்! (நம்ம டிபார்ட்மென்ட் மேகஸின் எடிட்டர்கள் கவனிக்க.) சூஃபி, பௌத்தம், கிறிஸ்தவம்னு எல்லாத்துக்கும் இடம் கொடுத்தார். எனக்குப் பிடிச்சது, 'நான் மகரிஷியிடம் வந்த கதை'ன்னு ஆளாளுக்கு எழுதின பக்கங்கள். மகரிஷியை நேர்ல பார்க்காதவங்களும் வெளிநாட்டுல உட்கார்ந்து அதைப் படிச்சு, 'அட, நம்மள மாதிரி இன்னொருத்தர்'னு நினைச்சிருப்பாங்கல்ல? குரு இல்லாத இடத்துல அந்தப் பக்கங்கள்தான் அவங்களுக்குக் கூடம், திண்ணை எல்லாம்.

ஒரு சின்ன வருத்தம். பத்திரிகை இங்கிலீஷ்ல வர்றதால, கிரிவலத்துல ஆசிரம வாசலைத் தாண்டிப் போற நம்ம ஜனங்கள்ல பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. லண்டன்ல இருக்கிறவங்க படிக்கிறாங்க, பக்கத்துத் தெருவுல படிக்கல.

1970-ல ஆஸ்போர்ன் இறந்ததும் அவர் மனைவி லூசியா ஆசிரியர் பொறுப்பை ஏத்துக்கிட்டாங்க. அவங்களுக்கு அப்புறமும் ஆள் மாறி ஆள் நடத்தி, பத்திரிகை இன்னைக்கும் வருது. ஆசிரமப் புத்தகக் கடைப் பக்கம் போனா, ஒரு இதழைப் புரட்டிப் பாருங்க.