நகமும் தந்தியும்

சென்ற திங்கள் இப்பகுதியில், ஊருக்குச் செல்லும் இரண்டு நாள் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டுவது பற்றி எழுதியிருந்தோம். புளியோதரையில் நாம் செய்த பிழையைச் சகோதரிகள் பலர் எடுத்துக் காட்டினர், அவர்கட்கு நன்றி. இத்திங்கள் எடுத்துக்கொண்ட பொருள் நேயர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நம் வலக்கை நகங்களைப் பற்றியே எழுதப் போகிறோம்.

டிக்கட் சாளரத்தில் பணிபுரியும் நாம், நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் முன் கை நீட்டுகிறோம். இடக்கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருக்க, வலக்கையில் மட்டும் நான்கு நகங்கள் நீண்டிருப்பதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. ஊரிலிருந்து வந்திருந்த அன்னையாரும், நகம் வளர்ப்பது வீட்டுக்கு ஆகாது என்று வருந்தினார். கிட்டாருக்காக வளர்த்தவை அவை என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? இடக்கை தந்தியை அழுத்த வேண்டும். அங்கே நகம் இருத்தலாகாது. வலக்கை மீட்ட வேண்டும்; பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகிய நான்கிலும் சிறிது நகம் இருந்தால்தான் ஓசை தெளிவாக எழும். வீணை வாசிப்போரிடத்தும் நகத்தால் மீட்டுவோர் உண்டு. கம்பி வளையம் மாட்டுவோரும் உண்டு.

நிற்க. பொங்கல் விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில், நம் சங்க இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த பிள்ளையின் தகப்பனாருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ரயில்வே குடியிருப்பில் இது புதுமையன்று; நட்பும் பந்தயமும் கச்சேரியும் மாற்றல் உத்தரவுக்கு அடங்கியவையே. குழுப் பிள்ளைகள் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். "மாமா, கிட்டார் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தாம்" என்றனர். நாமும் இசைந்தோம். கிட்டாரின் தடித்த நான்கு தந்திகளுக்குரிய சுரங்களே இதற்கும், ஒரு ஸ்தாயி கீழே. இதில் என்ன கடினம் என்று எண்ணினோம்.

கடினம் எங்கே என்பது முதல் மாலையே தெரிந்தது. நம் கிட்டாரின் மெல்லிய தந்தி 0.3 மில்லிமீட்டர் கனம். பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். அதன்மேல் சுற்றிய கம்பி அரம் போல் கரகரப்பாயிருக்கும். சதையால் இழுத்தால் வயிற்றில் அதிரும் ஓசை வருகிறது. நகம் முந்திப் பட்டாலோ, கதவில் சாவி தட்டினாற்போல் 'டக்' என்ற ஒலியே முன்னிற்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டி ஆம்ப்ளிபயரைக் குறைத்துவிட்டு விரலால் வலுவாக இழுத்தோம். அதுதான் நாம் செய்த மடமை. மூன்றாம் மாலை, சுட்டுவிரல் நகம் சுற்றுக்கம்பியில் மாட்டிச் சதை வரை பிளந்தது.

வலி ஒருபுறம் இருக்கட்டும். அதே விழாவில் எட்டு வயதான நம் மகள் முதன்முறையாக மேடையேறிப் பாடவிருந்தாள். இரண்டு திங்களாக நம் கிட்டாரோடுதான் பாடிப் பழகியிருந்தாள்; அது இல்லையேல் சுருதி நிற்காது. நகம் ஒரு திங்களில் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். விழாவுக்கு இருந்ததோ பதினொரு நாள். கணக்குப் பார்க்கக் குமாஸ்தா வேண்டியதில்லை. "ஊரார் பிள்ளைகளுக்கு வாசிக்கப் போய், சொந்தப் பிள்ளைக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள்" என்றார் வீட்டார். மகள் ஒன்றும் சொல்லாமல் நம் விரலை எடுத்துப் பார்த்தாள். அது வீட்டார் சொன்னதைக் காட்டிலும் உறைத்தது.

டேபிள் டென்னிஸ் பந்தில் நகவடிவாக ஒரு துண்டு வெட்டிப் பசை வைத்து ஒட்டிப் பார்த்தோம். கிட்டார்க்காரர் பலர் செய்வதே. கிட்டாரில் நின்றது, பேஸில் ஒரே இழுப்பில் பறந்து அலமாரிக்கடியில் போயிற்று.

பிறகுதான் சற்றுப் படித்துப் பார்த்தோம். அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951-இல் வெளியிட்ட பேஸ் கிட்டாரில், தந்திகளுக்குக் கீழ்ப்புறம் ஒரு சிறு கட்டை பொருத்தப்பட்டிருந்தது. நான்கு விரலையும் அதில் பற்றிக்கொண்டு, பெருவிரலால் மீட்டுவதற்காகவே அதை வைத்தார்கள்! இரு விரலால் இழுப்பது பின்னர்ப் பெருவழக்காயிற்று. அப்போதும் எல்லோரும் அவ்வாறு வாசித்தாரல்லர். டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தார்; கரோல் கே அம்மையார் மீட்டுத் துண்டால் வாசித்தார். நகமா சதையா என்ற வழக்கும் பழையதே. 19-ஆம் நூற்றாண்டில் பெர்னாண்டோ சோர் சதையால் வாசித்தார், டியோனிசியோ அகுவாடோ நகத்தால் வாசித்தார். ஸ்பெயின் நாட்டவரான இருவரும் பாரிஸில் நண்பர்கள். சோர் அவர்களிருவருக்குமாக 'இரு நண்பர்கள்' என்றே பெயரிட்டு ஓர் இணைப்பாட்டு இயற்றினார்.

ஆகவே பேஸைப் பெருவிரலுக்கு மாற்றினோம். அதன் நகம் படாதவாறு கையைச் சாய்த்து, பக்கச் சதையால் மட்டும் தந்தியைத் தொட்டோம். கையைக் கழுத்துப்பக்கம் நகர்த்தினால் தந்தி இளகிக் கொடுக்கிறது. ஆம்ப்ளிபயரை உயர்த்தி, விரலை மெல்ல வைத்தோம். பெட்டி செய்ய வேண்டிய வேலையை விரல் செய்ய வேண்டியதில்லை என்பது நகத்தை இழந்தபின் விளங்கிற்று. மகள் பாட்டுக்குச் சுட்டுவிரலை அறவே ஒதுக்கி, பெருவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் கொண்டு புதிதாகப் பழகினோம். இரவு டியூட்டி முடிந்து வந்து, அண்டை வீட்டார் உறக்கம் கெடாதவாறு தந்தியடியில் துணி செருகிக்கொண்டு பத்து இரவுகள்.

விழாவன்று குழுவுக்குப் பேஸ் குறையின்றி ஒலித்தது. மகள் பாட்டில், இரண்டாம் அடியில் மோதிரவிரல் ஓரிடம் தவறிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சுருதி விடாமல் பாடி முடித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, அங்கே ஒன்று விட்டீர்களே" என்றாள். காதில் விழுந்துதான் இருக்கிறது.

பேஸ் கிட்டார் இப்போது சங்க அலமாரியில் வாளாவிருக்கிறது. பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளைகள், ஆணாயினும் பெண்ணாயினும், ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வந்தால் தொடங்கலாம். நகம் வளர்த்திருப்போர் அதை வெட்ட வேண்டியதில்லை. மழமழப்பான உப்புத்தாள் ஒரு துண்டு கொண்டுவந்தால் போதும். அன்று நமக்கு டியூட்டி விழுந்தால் செயலாளரிடம் முன்னரே சொல்லியனுப்புவோம்.